மாலுக்குப் பதில் மேடை: பெங்களூருவில் குழந்தைகளோடு நாடகம், பொம்மலாட்டம், சர்க்கஸ் பார்க்கப் போறீங்களா? இதைத் தெரிஞ்சுக்கோங்க

வேலைக்காக பெங்களூரு வந்து, இங்கேயே குடும்பம், குழந்தை என்று செட்டில் ஆகிவிட்ட பல தமிழ்க் குடும்பங்களின் ஞாயிற்றுக்கிழமை கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் இருக்கும். மதியம் மால், அங்கேயே ஃபுட் கோர்ட், குழந்தைக்கு ப்ளே ஏரியா, ராத்திரி டிராஃபிக்கில் வீடு. "ஒரு நாடகத்துக்குப் போகலாமா?" என்று யாராவது கேட்டால் உடனே மூன்று கேள்விகள் வரும். எங்கே நடக்குது? குழந்தையை உள்ளே விடுவாங்களா? கன்னடத்தில் இருந்தால் நமக்குப் புரியுமா?

மூன்றுக்கும் பதில் இருக்கிறது. மேடை நாடகம், பொம்மலாட்டம், யட்சகானம் எல்லாம் வருஷம் முழுக்க நடக்கும் ஊர் பெங்களூரு. ஆனால் எந்த வயசுக்கு எது, எந்த மாதத்தில் எது, போவதற்கு முன் எதைக் கவனிக்க வேண்டும் என்பது தெரியாமல் டிக்கெட் போட்டால் குழந்தையும் அழும், பணமும் வீண். அதனால்தான் இந்த எக்ஸ்ப்ளெய்னர்.

சுருக்கமாகச் சொன்னால்:

- நாடகத்தைத் தேர்ந்தெடுக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது வயது வரம்பு. மொழியும் விலையும் அதற்குப் பிறகுதான்.
- 500 ரூபாய் வரையிலான நாடக, சர்க்கஸ் டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.
- சர்க்கஸில் சிங்கம், புலி, கரடி, குரங்கு இப்போது சட்டப்படி கிடையாது. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளையும் அங்கே வேலைக்கு வைக்க முடியாது.

எங்கே போகலாம்?

பெங்களூருவில் தூரத்தைக் கிலோமீட்டரில் கணக்குப் போட முடியாது, நேரத்தில்தான் போட முடியும். அதனால் உங்கள் ஏரியாவுக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் புத்திசாலித்தனம்.

தெற்கு பெங்களூருவில் இருப்பவர்களுக்கு முதல் சாய்ஸ் ஜே.பி. நகரில் உள்ள ரங்க சங்கரா. 2004-ல் தொடங்கிய அரங்கம் இது. 'மால்குடி டேஸ்' தொடரை இயக்கிய ஷங்கர் நாக் 1990-ல் சாலை விபத்தில் இறந்தார். நல்ல நாடக அரங்கம் ஒன்று வேண்டும் என்ற அவருடைய கனவை நனவாக்க, அவர் மனைவி அருந்ததி நாக் பல வருஷம் அலைந்து நிதி திரட்டிக் கட்டியது இது. 'மின்சார கனவு' படத்தில் மதர் சுப்பீரியராக வந்தவர் என்றால் தமிழ் ரசிகர்களுக்கு டக்கென்று அடையாளம் தெரியும். திங்கட்கிழமை தவிர தினமும் ஒரு நாடகம் என்பது இந்த அரங்கத்தின் கொள்கை. கன்னடம், ஆங்கிலம், இந்தி என்று பல மொழிகளில் நடக்கும். குழந்தைகளுக்காகவே 'ஆஹா!' என்ற பெயரில் தனித் திட்டமும், சர்வதேச குழந்தைகள் நாடக விழாவும் வைத்திருக்கிறார்கள்.

ஒயிட்ஃபீல்டு, வர்த்தூர் பக்கம் இருப்பவர்களுக்கு ஜாக்ருதி தியேட்டர். 2011-ல் திறந்த சின்ன அரங்கம் இது. பார்வையாளர்கள் மேடையைச் சுற்றி உட்காரும் அமைப்பு என்பதால் கடைசி வரிசையில் இருந்தாலும் நடிகரின் முகம் தெளிவாகத் தெரியும். ஐ.டி. காரிடாரில் வேலை பார்க்கும் குடும்பங்கள் சில்க் போர்டு தாண்டாமலே நாடகம் பார்க்க முடியும் என்பதே பெரிய பிளஸ்.

நகரின் நடுவில், ஜே.சி. ரோட்டில் ரவீந்திர கலாக்ஷேத்ரா. தாகூர் நூற்றாண்டை ஒட்டி 1960-களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட அரசு அரங்கம். கன்னட நாடகம், யட்சகானம், நடனம் என்று எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். வடக்கே மல்லேஸ்வரத்தை ஒட்டி சௌடையா மெமோரியல் ஹால். வயலின் வித்வான் சௌடையாவின் நினைவாக, வயலின் வடிவத்திலேயே கட்டப்பட்ட கட்டடம். உள்ளே கச்சேரி பிடிக்காத குழந்தைகூட வெளியே நின்று கட்டடத்தைப் பார்த்தால் வாய் பிளக்கும். சென்னை சபா நாடகக் குழுக்கள் பெங்களூரு வரும்போது இங்கேயும் மேடை ஏறுவதுண்டு.

பனசங்கரியில் 'தாது' என்ற பொம்மலாட்ட அமைப்பு இருக்கிறது. இன்ஜினியரிங் படித்துவிட்டு பொம்மலாட்டத்துக்கு வந்த அனுபமா ஹொஸ்கெரே நடத்துவது. மரத்தில் செதுக்கி, நூல் கட்டி ஆட்டும் கர்நாடகப் பாரம்பரிய பொம்மைகள்தான் இவர்களுடைய ஸ்பெஷல். நவராத்திரிக்கு இங்கே வைக்கப்படும் பொம்மை வரிசையும் பிரபலம். நம்ம ஊர் கொலுதான், கன்னடத்தில் 'பொம்பே ஹப்பா'. கொலு பார்த்து வளர்ந்த குழந்தைக்கு, படியில் சும்மா உட்கார்ந்திருந்த பொம்மை எழுந்து ஆடுவது என்ன ஒரு ஆச்சரியம் என்று யோசித்துப் பாருங்கள்.

டொம்ளூரில் பெங்களூர் இன்டர்நேஷனல் சென்டர் இருக்கிறது. பெரும்பாலான நிகழ்ச்சிகள் இலவசம், ஆன்லைனில் பெயர் பதிவு செய்தால் போதும். முதல் தடவை முயற்சி செய்து பார்க்கிறவர்களுக்கு இதைவிட ரிஸ்க் குறைவான இடம் கிடைக்காது.

எந்த வயசுக்கு எது?

டிக்கெட் பக்கத்தில் '6+' அல்லது '12+' என்று போட்டிருப்பார்கள். சினிமா சான்றிதழ் மாதிரி ஆபாசம், வன்முறைக்கு மட்டும் போடப்படும் வரம்பு என்று இதை நினைத்துவிடக் கூடாது. அந்த வயதுக் குழந்தையால் எவ்வளவு நேரம் இருட்டில் அமைதியாக உட்கார முடியும், கதையைப் பிடித்துக்கொள்ள முடியும் என்பதையும் பார்த்துப் போடுவது. சினிமாவில் குழந்தை அழுதால் திரையில் இருக்கும் ஹீரோவுக்குக் கேட்காது. நாடகத்தில் கேட்கும். சின்ன அரங்கத்தில் ஒரு குழந்தையின் அழுகை நடிகரின் வசனத்தையே நிறுத்திவிடும்.

3 முதல் 5 வயது: பொம்மலாட்டம், பாட்டு, அசைவு அதிகமாகவும் வசனம் குறைவாகவும் உள்ள நாடகங்கள் சரியாக வரும். ஒரு மணி நேரத்துக்குள் முடிகிறதா என்று பாருங்கள். அரங்கம் முழுக்க இருட்டாகும், சத்தம் திடீரென்று கூடும் என்பதை வீட்டிலேயே சொல்லி வையுங்கள்.

6 முதல் 9 வயது: நாடோடிக் கதைகள், கோமாளி, முகமூடி நாடகங்கள், சர்க்கஸ், யட்சகானத்தின் சுருக்கமான வடிவம் எல்லாம் ஓகே. இந்த வயசுக் குழந்தைகள் "அது எப்படிப் பண்ணாங்க?" என்று கேட்க ஆரம்பிப்பார்கள். குழந்தைகள் நாடகங்களில் பல குழுக்கள் கடைசியில் நடிகர்களோடு பேச நேரம் ஒதுக்குவார்கள். அதற்கு முன்னால் எழுந்து பார்க்கிங்குக்கு ஓடிவிடாதீர்கள்.

10 வயதுக்கு மேல்: குழந்தைகளுக்கு என்று எழுதப்பட்டாலும் கனமான விஷயங்களைப் பேசும் நாடகங்களை இவர்கள் தாங்குவார்கள். ரங்க சங்கராவும் ஜெர்மனியின் மன்ஹைம் நகரில் உள்ள ஷ்னாவல் குழந்தைகள் அரங்கமும் சேர்ந்து உருவாக்கிய 'தி பாய் வித் எ சூட்கேஸ்' ஒரு நல்ல உதாரணம். போரால் வீட்டை விட்டு ஓட வேண்டிய ஒரு சிறுவனின் கதை அது. குழந்தைகள் நாடகம் என்றால் முயலும் ஆமையும்தான் என்ற நினைப்பு இந்த மாதிரி ஒரு நாடகத்தோடு போய்விடும்.

கன்னடம் தெரியாதே, புரியுமா?

குழந்தைகளைப் பற்றிக் கவலை வேண்டாம். ஸ்கூலிலும் அபார்ட்மென்ட் கீழேயும் விளையாடும் குழந்தைக்கு அப்பா அம்மாவைவிட கன்னடம் நன்றாகவே தெரிந்திருக்கும். திணறப்போவது பெரியவர்கள்தான்.

அவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி. யட்சகானத்துக்குப் போனால் மொழி பாதி வேலையைத்தான் செய்கிறது. பாகவதர் பாட, செண்டையும் மத்தளமும் அதிர, பெரிய கிரீடமும் வண்ணமும் பூண்ட வேஷக்காரர்கள் ஆடிக்கொண்டே வசனம் பேசுவார்கள். கதை பெரும்பாலும் மகாபாரதமோ ராமாயணமோ புராணமோதான். தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்த உலகம் அந்நியமாகவே இருக்காது. கூத்தில் கட்டியங்காரன் சிரிக்க வைப்பது போல இங்கேயும் ஹாஸ்யக்காரர் உண்டு. அவர் வரும்போது குழந்தைகளுக்கு மொழிபெயர்ப்பே வேண்டாம்.

கரையோர கர்நாடகத்தின் யட்சகானக் குழுக்கள் மழைக்காலத்தில் ஊரில் திறந்தவெளி ஆட்டம் நடத்த முடியாது. அந்த மாதங்களில் பெங்களூரு அரங்கங்களுக்கு வருவார்கள். சில ஆட்டங்கள் விடிய விடிய நடக்கும். குழந்தையோடு போகிறவர்கள் இரண்டு, மூன்று மணி நேர சாயங்கால ஆட்டமா என்று கேட்டுக்கொண்டு போங்கள்.

இன்னொரு விஷயம். "வருஷக்கணக்கா இங்க இருக்கீங்க, இன்னும் கன்னடம் வரலையா?" என்ற கேள்வியை ஆட்டோவிலும் ஆபீஸிலும் கேட்காத தமிழர் குறைவு. ஆப்பில் பாடம் படிப்பதைவிட, குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து "அப்பா, அவர் என்ன சொன்னார்னா..." என்று காதில் கிசுகிசுக்க ஒரு கன்னட நாடகம் பார்ப்பது சுகமான வழி. கர்நாடகத்தில் நாடகம் என்பது ஓரமான கலையும் இல்லை. 1884-ல் தொடங்கிய குப்பி நாடகக் கம்பெனி, குப்பி வீரண்ணா காலத்தில் யானையையே மேடை ஏற்றிய கம்பெனி. கன்னட சூப்பர் ஸ்டார் ராஜ்குமார் சினிமாவுக்கு முன் நடித்ததும் அந்தக் கம்பெனியில்தான். காந்திநகரில் குப்பி வீரண்ணா பெயரில் இன்றும் ஒரு அரங்கம் இருக்கிறது.

சர்க்கஸ் இன்னும் இருக்கா?

இருக்கிறது, ஆனால் நம்ம அப்பா அம்மா பார்த்த சர்க்கஸ் இல்லை.

இந்திய சர்க்கஸின் கதை 1880-ல் மும்பையில் விஷ்ணுபந்த் சத்ரே நடத்திய கிரேட் இந்தியன் சர்க்கஸில் தொடங்குகிறது. பிறகு கேரளத்தின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் என்ற உடற்பயிற்சி ஆசிரியர் பயிற்சிக்கூடம் தொடங்க, அந்த ஊரே சர்க்கஸ் கலைஞர்களின் ஊராக மாறியது. 1951-ல் ஜெமினி சர்க்கஸைத் தொடங்கிய எம்.வி. சங்கரனும் தலச்சேரி பக்கத்தவர்தான். 'அபூர்வ சகோதரர்கள்' படத்தில் அப்பு வேலை பார்க்கும் கூடாரம் ஜெமினி சர்க்கஸுடையது.

பெரிய மாற்றம் மூன்று கட்டமாக வந்தது.

முதலாவது, விலங்குகள். மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் கரடி, குரங்கு, புலி, சிறுத்தை, சிங்கம் ஆகியவற்றைப் பழக்கி வித்தை காட்டக் கூடாது என்று மத்திய அரசு 1998-ல் அறிவிக்கை வெளியிட்டது. சர்க்கஸ் உரிமையாளர்கள் கேரள உயர் நீதிமன்றம் போனார்கள். 2000-ல் அங்கே தோற்று உச்ச நீதிமன்றம் போனார்கள். 2001-ல் அங்கேயும் தடை உறுதியானது. 2011-ல் காளையும் பட்டியலில் சேர்ந்தது. யானை அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் பல சர்க்கஸ்களின் அங்கீகாரத்தை ரத்து செய்ததால் யானைகளும் கூடாரத்தை விட்டு வெளியேறின.

இரண்டாவது, குழந்தைகள். ஏழைக் குடும்பங்களின் சின்னக் குழந்தைகளை, குறிப்பாக நேபாளத்திலிருந்து, சர்க்கஸுக்கு அழைத்து வந்து பழக்கும் வழக்கம் இருந்தது. பச்பன் பச்சாவோ ஆந்தோலன் தொடர்ந்த வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம், சர்க்கஸில் குழந்தைகளை வேலைக்கு வைப்பதைத் தடை செய்ய உத்தரவிட்டது. 2016-ல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டத்தில் 14 வயதுக்கு உட்பட்டவர்கள் சினிமா, டி.வி., விளம்பரத்தில் நிபந்தனைகளோடு நடிக்க விலக்கு உண்டு. அதே வரியில் 'சர்க்கஸ் தவிர' என்று தெளிவாக எழுதியிருக்கிறது.

மூன்றாவது, கொரோனா. கூடாரம் மூடியதும் வருமானம் சுத்தமாக நின்றது. ரேம்போ சர்க்கஸ் 2020-ல் தன் ஷோவைப் படமாக்கி ஆன்லைனில் டிக்கெட் போட்டுக் காட்டிப் பார்த்தது.

இப்போது கூடாரத்துக்குள் மிச்சம் இருப்பது மனிதர்கள்தான். அந்தரத்தில் பார் விளையாட்டு, கூண்டுக்குள் பைக் ஓட்டுவது, கயிற்றில் நடப்பது, கோமாளிகள். ஒருவிதத்தில் குழந்தைக்கு இதுதான் நல்ல சர்க்கஸ். ஒரு மனித உடம்பு வருஷக்கணக்கில் பழகினால் எதைச் செய்ய முடியும் என்பதை கிராஃபிக்ஸ் இல்லாமல் நேரில் பார்க்கிறது.

கூடாரத்துக்குள் போகும் முன் எதைப் பார்க்கணும்?

பெங்களூருவில் இதைச் சொல்லாமல் போக முடியாது. 1981 பிப்ரவரியில் இந்த ஊரில் வீனஸ் சர்க்கஸ் கூடாரம் தீப்பிடித்தது. தீயிலும் நெரிசலிலும் 90-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் குழந்தைகள்.

பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. எந்தக் கூடாரத்துக்குப் போனாலும் உட்கார்ந்ததும் ஒரு நிமிஷம் எடுத்து இவற்றைப் பாருங்கள்:

- நீங்கள் வந்த வழி தவிர வேறு வெளியேறும் வழி எங்கே இருக்கிறது? அது திறந்திருக்கிறதா, நாற்காலி போட்டு அடைத்திருக்கிறார்களா?
- தீயணைப்பான்கள் கண்ணில் படுகிறதா?
- பார் விளையாட்டுக்குக் கீழே வலை கட்டியிருக்கிறார்களா?
- குழந்தை தொலைந்தால் எங்கே வந்து நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டீர்களா? குழந்தையின் பாக்கெட்டில் உங்கள் போன் நம்பர் எழுதிய சீட்டு இருக்கட்டும்.

வழி அடைத்திருந்தால் ஊழியரிடம் சொல்லுங்கள். எடுக்கவில்லை என்றால் டிக்கெட் காசைப் பார்க்காமல் எழுந்து வந்துவிடலாம். கூடாரத்தில் தடை செய்யப்பட்ட விலங்கையோ, சின்னக் குழந்தை வித்தை செய்வதையோ பார்த்தால் குழந்தைகளுக்கான 1098 உதவி எண்ணிலோ போலீஸிலோ புகார் சொல்லலாம்.

செலவு எவ்வளவு ஆகும்?

விலை நிகழ்ச்சிக்கு நிகழ்ச்சி மாறும். ஆனால் வரிக் கணக்கு ஒன்றுதான். நாடகம், நடனம், சர்க்கஸ், இசை நிகழ்ச்சி ஆகியவற்றுக்கு ஒருவருக்கான டிக்கெட் 500 ரூபாய் வரை இருந்தால் ஜி.எஸ்.டி. விலக்கு. ஆரம்பத்தில் 250 ரூபாயாக இருந்த இந்த வரம்பு 2018 ஜனவரியில் 500 ஆனது. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் 18 சதவீதம்.

நாலு பேர் குடும்பம் 300 ரூபாய் டிக்கெட்டில் போனால் 1,200 ரூபாய், டிக்கெட்டுக்கு வரி இல்லை. அதே குடும்பம் 600 ரூபாய் டிக்கெட் எடுத்தால் ஒருவருக்கு 108 ரூபாய் வரி சேர்ந்து மொத்தம் 2,832 ரூபாய். புக்கிங் ஆப் வாங்கும் கன்வீனியன்ஸ் கட்டணம் தனி, அதற்கு வரியும் தனி. அரங்கத்தின் கவுன்டரில் நேரில் வாங்க முடிந்தால் அது மிச்சம். மடியில் உட்காரும் குழந்தைக்கும் டிக்கெட் வேண்டுமா என்பதை முன்கூட்டியே பார்த்துவிடுங்கள். இருக்கை எண்ணிக்கை குறைவான அரங்கங்களில் பெரும்பாலும் வேண்டும்.

போகிற அன்று...

நேரம்தான் எல்லாம். ரங்க சங்கராவில் நாடகம் சொன்ன நிமிஷத்தில் தொடங்கும், கதவு மூடினால் மூடியதுதான். கையில் டிக்கெட் இருந்தாலும், குழந்தை அழுதாலும் உள்ளே விட மாட்டார்கள். நடிக்கிறவர்களுக்கும் நேரத்துக்கு வந்தவர்களுக்கும் கொடுக்கும் மரியாதை அது. மேப்பில் காட்டும் நேரத்தோடு ஒரு மணி நேரம் கூட்டிக்கொண்டு கிளம்புங்கள். முடிந்தவரை மெட்ரோவில் போய் அங்கிருந்து ஆட்டோ பிடியுங்கள். சீக்கிரம் போய்விட்டால் நஷ்டம் இல்லை, கேன்டீன் இருக்கிறது.

உள்ளே போவதற்கு முன் குழந்தையை பாத்ரூம் கூட்டிட்டுப் போயிடுங்க. போனை சைலன்ட்டில் போட்டால் மட்டும் போதாது, அணைத்துவிடுங்கள். இருட்டில் ஒரு ஸ்கிரீன் வெளிச்சம் மேடை வரை தெரியும். வீடியோ எடுக்கவே வேண்டாம். குழந்தை பயந்தால் சமாதானப்படுத்திக்கொண்டே அங்கேயே உட்கார வேண்டியதில்லை, சத்தமில்லாமல் வெளியே கூட்டிட்டு வந்துவிடலாம். அதனால் முதல் தடவை ஓர இருக்கையாகப் பிடியுங்கள்.

எந்த மாதம் எது?

ஏப்ரல், மே: கோடை விடுமுறை நாடக முகாம்கள். 1960-ல் தொடங்கிய பெங்களூர் லிட்டில் தியேட்டர் உள்பட பல குழுக்கள் பயிற்சி நடத்துகின்றன. மைசூருவில் ரங்காயணாவின் 'சின்னர மேளா' புகழ்பெற்றது.

ஜூன் முதல் அக்டோபர் வரை: பெங்களூரு அரங்கங்களில் யட்சகானம். ரங்க சங்கராவின் குழந்தைகள் நாடக விழா பெரும்பாலும் ஜூலை வாக்கில் வரும்.

செப்டம்பர், அக்டோபர்: நவராத்திரி பொம்மைகள், மைசூரு தசரா கலை நிகழ்ச்சிகள்.

டிசம்பர் கடைசி, ஜனவரி முதல் வாரம்: தாதுவின் பொம்மலாட்ட விழா.

சர்க்கஸுக்கு நிரந்தரத் தேதி கிடையாது. கம்பெனி ஊருக்கு வந்து கூடாரம் போட்டால் சில வாரங்கள் இருக்கும். விடுமுறை நாட்களில் போஸ்டரையும் புக்கிங் ஆப்பையும் கவனித்தால் தெரியும்.

நாம போறதால என்ன ஆகப்போகுது?

சினிமா தியேட்டரில் பத்து பேர் உட்கார்ந்திருந்தாலும் படம் அப்படியேதான் ஓடும். நாடகத்தில், சர்க்கஸில் அப்படி இல்லை. வெறும் நாற்காலிகள் நடிகரின் கண்ணில் படும், அடுத்த மாதம் அந்த நாடகம் இருக்குமா என்பதையும் அவைதான் முடிவு செய்யும். சர்க்கஸ் விலங்குகளை விட்டது, குழந்தைகளை வேலை வாங்குவதை விட்டது. அது சரியான மாற்றம்தான். ஆனால் அதற்குப் பிறகும் கூடாரம் நிற்க வேண்டுமானால் மனித வித்தையைப் பார்க்க மட்டுமே டிக்கெட் எடுக்கும் குடும்பங்கள் வேண்டும்.

மாசத்தில் நாலு ஞாயிறு இருக்கிறது. மூன்றை மாலுக்கே கொடுத்தாலும் பரவாயில்லை. ஒன்றுக்கு உங்கள் ஏரியா அரங்கத்தின் இந்த மாத நிகழ்ச்சிப் பட்டியலை இன்றைக்கே திறந்து, முதலில் வயது வரம்பைப் பாருங்கள்.